குளிர்பெட்டிச் சீட்டு

செனோவியாவின் கடையிலிருந்த குளிர்பெட்டி அவளுடையதல்ல, சோடா கம்பெனியுடையது. இலவசம்தான். கரண்டு மட்டும் அவள் செலவு. கம்பெனியின் பாட்டிலைத் தவிர வேறெதுவும் உள்ளே இருக்கக்கூடாது.

ஆனால் மேல்தட்டில், பாட்டில்களுக்குப் பின்னால், அந்தத் தெருவின் இன்சுலின் முழுக்க இருந்தது. மெக்சிகோவின் அந்தக் கடலோர வெயிலில் வெளியே வைத்த மருந்து வீணாகிவிடும். குளிர்பெட்டி வாங்க யாருக்கு வக்கு இருந்தது? அவள் புருஷன் ஃபிடென்சியோவுக்குச் சர்க்கரையில் ஒரு கால்விரல் போயாயிற்று. கவனமில்லாவிட்டால் அடுத்தது பாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனுக்காகத்தான் முதலில் ஒளித்து வைத்தாள். பிறகு அக்கம்பக்கத்தார் கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை.

ஒருநாள் கம்பெனி மேற்பார்வையாளன் லிசாந்த்ரோ வந்து பெட்டியைத் திறந்தான். அவன் மருந்தைப் பார்த்தான், மெதுவாகக் கதவைச் சாத்தினான்.

"மருந்து இருக்கட்டும் தோன்யா செனோவியா, நான் எதையும் பாக்கல. ஆனா விற்பனை படுத்துப்போச்சே. இப்படியே போனா பெட்டிய வேற கடைக்குத் தூக்கிடுவாங்க. அது என் கையில இல்ல."

ஏன் படுக்காது? விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பவன் கஞ்சன் என்று கம்பெனிக்காரர்கள்தான் சுவர்சுவராக எழுதிப் பழக்கினார்கள். கல்யாணத்துக்கும் சோடா, கருமாதிக்கும் சோடா என்று குடித்த தெரு இப்போது ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறது. குடிக்கிறவனையும் படுக்கவைத்துவிட்டு விற்பனை எங்கே என்று கேட்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

பக்கத்து வீட்டு ஒத்திலியாதான் வழி சொன்னாள். "பணத்துக்குச் சீட்டுப் போடுறோம், இதுக்குப் போட்டா என்னடி?" வாரம் ஒரு வீடு, முறை வைத்து, விற்காத சோடாப் பெட்டிகளை வாங்கிக்கொள்வது. கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டிவிடுவது. கம்பெனிக்கே காது குத்திவிட்டோம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

விற்பனை ஏறியது. லிசாந்த்ரோ மகிழ்ந்துபோய்க் கடை முகப்பு முழுக்கக் கம்பெனி வண்ணம் அடித்துக் கொடுத்தான். அவள் பெயர் ஒரு மூலைக்கு ஒதுங்கியது.

ஆனால் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போகிற வருகிற போதெல்லாம் கொல்லைகளை எட்டிப்பார்த்தாள். அவ்வளவு சர்க்கரையைக் கொட்டினால் எறும்பு மொய்க்காதா? எங்கேயும் ஓர் எறும்பில்லை. ஒத்திலியாவைக் கேட்டால், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், அவர்களுக்குக் கொடுத்தேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்து செனோவியா வீட்டு முறை. தானே கொட்டுவதாகச் சொல்லிப் பெட்டிகளைக் கொல்லைக்கு நகர்த்தினாள். அதற்குள் கடையில் ஆட்கள் கூப்பிட்டார்கள். அரிசியும் சோப்பும் கேட்டவர்கள் ஊர்க்கதையும் பேசினார்கள். பாதிப் பேச்சில் விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

ஃபிடென்சியோ கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காலி பாட்டில்கள். கையில் இன்னொன்று. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிடுங்கப் போனாள். அவன் விடவில்லை.

"காசு கொடுத்து வாங்கினத மண்ணுல கொட்ட மனசு வரலடி."

"உன் கால் போயிடும்யா."

"எப்படிப் போகும்? அதான் உன் பெட்டில ஊசி பத்திரமா இருக்கே."