செட்டுப் பிரியாத புள்ளிகள்

என் கம்ப்யூட்டருக்குள் எங்கள் அம்மா மாயக்காள் ஒரு மஞ்சள் புள்ளி. போடியிலிருந்து விடியும் முன்னே ஜீப் ஏறி, மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் இறங்கும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. மாவட்டப் பேரிடர் பிரிவில் எனக்கு ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஆளையும் ஒரு புள்ளியாக்கி, அது எதற்குப் பயப்படும், எங்கே ஓடும், எதில் ஏறும் என்று விதி எழுதுவேன். பிறகு திரையில் மழையைக் கொட்டவிட்டு, ரோட்டில் மண்ணைச் சரியவிட்டு, யார் யார் தப்புகிறார்கள் என்று பார்ப்பேன்.

அலுவலகத்துக்கு அது ஒரு திட்டம். எனக்கு அம்மா. போன மழைக்கு அவள் மேலேயே மாட்டிக்கொண்டு, விடியும்வரை போனும் கிடைக்காமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மண் சரிகிற நாளில் அவள் இருட்டுவதற்குள் கீழே வந்தாக வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

எச்சரிக்கை வந்ததும் பக்கத்தில் நிற்கிற ஜீப்பில் ஏறு என்று புள்ளிகளுக்கு எழுதினேன். மலை மளமளவென்று காலியானது. "பிரமாதம்மா கற்பகம்!" என்றார் எங்கள் அதிகாரி மகாராஜன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்திகைக்கு நாள் குறித்தோம்.

ஒத்திகை சந்தி சிரித்தது. ஒத்திகைக்கு வந்திருந்த தன்னார்வலர்கள் அம்மாவைக் கையைப் பிடித்து ஏதோ ஒரு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். தினமும் அவளோடு ஒரே ஜீப்பில் வேலைக்குப் போய்வருகிற செட்டுப் பெண்கள் வேறு ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, "மாயக்காள காணோம், வண்டிய எடுக்காதீக!" என்று கத்தினார்கள். இரண்டு பேர் இறங்கித் தோட்டத்துக்குள் தேடவே போய்விட்டார்கள். அந்த ஜீப் நகராததால் பின்னால் அத்தனை ஜீப்பும் நின்றது. அம்மா சும்மா இருப்பாளா? குதித்து இறங்கி மேலே நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எம்மா, எங்க போற? ஏறு வண்டியில!" என்று பின்னாலேயே ஓடினேன்.

"போடி இவளே! எஞ் செட்டு அங்க நிக்கிது. விட்டுட்டு நான் மட்டும் வந்து என்ன செய்ய?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அம்மாமேல் பாதி, என்மேல் மீதி. ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாகத்தான் இறங்குவார்கள், ஒரு ஆள் குறைந்தாலும் ஜீப் கிளம்பாது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனாலும் புள்ளிகளைத் தனித்தனியாக விட்டிருக்கிறேனே, என் புத்தியை என்ன சொல்ல!

வீட்டுக்கு வந்து ஒரு செட்டை ஒரே கொத்தாகக் கட்டி, ஜீப்புகளையும் ஒத்திகையில் போல மேலேயே நிறுத்தாமல் தினமும் ஓடுகிறபடி ஓடவிட்டேன். இப்போது தேடலும் இல்லை, கத்தலும் இல்லை. ஆனால் கொத்துக் கொத்தாக மலையிலேயே நின்றன. ஏன் என்று பார்த்தால், ஜீப்புகள் காலையில் ஆளை இறக்கிவிட்டு வேறு லோடு பார்க்கப் போடிக்கு வந்துவிடுகின்றன. மண் சரியும்போது ஜீப் கீழே, ஆள் மேலே. மழை எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் ஜீப்பைத் தோட்டத்திலேயே நிறுத்திப் பார்த்தேன். எல்லாக் கொத்தும் வெளிச்சத்திலேயே இறங்கின. ஜீப் மேலேயே நின்றால் போதும் என்று அதுவரை எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, ஜீப் ஓட்டுகிறவர்களுக்கும் தெரியாது.

அம்மா செட்டின் டிரைவர் வீரணன் அண்ணனிடம் சொன்னதும் எகிறினார். "நாளெல்லாம் மேல நின்னா எம் பொழப்ப யாரு பாக்குறது?"

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். திரையில் மண் சரிவுக்கு இந்தப் பக்கம் அவர் ஜீப், அந்தப் பக்கம் அவர் ஏற்றிப் போன பெண்கள். குனிந்து இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சரி ஆத்தா. தோட்டத்துக்காரன் நிக்கிற வாடகை குடுத்தா நான் நிக்கிறேன்."

மகாராஜன் சார் பேசி அதற்கும் வழி செய்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எச்சரிக்கை நாள் என்பதால் மேலேயே நின்ற ஜீப்புகளுக்கெல்லாம் மத்தியானமே இறங்கச் சொல்லிச் செய்தி போனது. மலையடிவாரத்து ஊரான முந்தலில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேலே மண் இறங்கிப் பாதி ரோட்டை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். மீதியும் மூடுவதற்குள் அம்மா வந்துவிடுவாளா? கம்ப்யூட்டரில் எத்தனை தடவை இறங்கி வந்தால் என்ன, அது வெறும் புள்ளிதானே!

ஒவ்வொரு ஜீப்பாக வந்தது. அம்மாவுடையது இல்லை. கடைசியாக வளைவில் வீரணன் அண்ணன் ஜீப் தெரிந்தது. உள்ளே வழக்கத்தைவிட நெருக்கம். நான் பார்த்தே இராத ஒரு பெண் அம்மா மடியில் பாதியும் சீட்டில் பாதியுமாக உட்கார்ந்திருந்தாள்.

"இவ செட்டு ஜீப்பு மக்கர் பண்ணிருச்சு," என்றாள் அம்மா. "எல்லாரையும் ஜீப்புக்குக் கொஞ்சமா பிரிச்சு ஏத்திக்கிட்டோம். யாரு யாரு எந்த வண்டியிலன்னு சத்தம்போட்டுச் சொல்லிட்டுத்தான் கிளம்புனோம். அதான் நேரமாயிருச்சு."

இப்படி ஒரு விதி நான் எழுதவே இல்லை. நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

"ச்சீ, விடுடி, ஊரே பாக்குது. சோறாக்குனியா இல்லியா?"

"ஆக்கல."

"கிழிஞ்சுது போ! நாள் முழுக்க மழையில நனைஞ்சு வர்றவளுக்கு..."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். வீடு வந்து சேர்ந்தபோது இன்னும் இருட்டவில்லை, தெருவிளக்குகூடப் போட்டிருக்கவில்லை.