ஆளில்லாத அறை

எங்கள் பல்கலைக்கழகத்தில் அவரை சுவிட்ச் வாத்தியார் என்றுதான் சொல்வோம். ஆளில்லாத வகுப்பில் விளக்கு எரிந்தால் போதும், அவருக்கு வயிறு எரியும். பாடம் முடிந்து போகிற போக்கில் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து அணைத்துவிட்டுத்தான் போவார். பசுமை வளாகக் குழுவுக்குத் தலைவரானதும் முதல் வேலையாக எல்லா அறைகளுக்கும் சென்சார் வாங்க வைத்தார். ஆள் அசைந்தால் விளக்கு எரியும். பத்து நிமிடம் அசைவில்லை என்றால் தானே அணைந்துவிடும். மாட்டியவன் மின் பிரிவில் இருக்கும் நான். இங்கே வை, அங்கே வை என்று என் உயிரை எடுத்துவிட்டார் மனிதர்.

சென்சார் வந்த பிறகு காவலருக்கும் வேலை பாதியானது. கதவிடுக்கில் வெளிச்சம் தெரியாவிட்டால் ஆளில்லை; கதவைத் திறந்து பார்க்க வேண்டாம். அப்படித்தான் நாங்கள் சொல்லிவைத்திருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை விடுமுறை. ஜன்னல் இல்லாத தன் அறையில் வாத்தியார் தனியாக உட்கார்ந்து குழுவின் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் வீட்டுக்கு வரவில்லையே என்று அவருடைய மனைவி ஏழு மணிக்குத் தேடி வந்தார். காவலர் கதவைத் திறந்தபோது, வாத்தியார் மேசைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, நொடியில் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர்.

பதினைந்து நாள் கழித்து, அறைச் சாவியை ஒப்படைக்க வந்த அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, எந்த ரூம்ல எப்போ லைட் எரிஞ்சுதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்னு அவர் சொல்வார். அன்னிக்கு உள்ளதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

நான் அதை முன்பே பார்த்திருந்தேன். பார்த்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"டாக்டர் சொன்னதுதாம்மா. உடனே..." என்று இழுத்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். மதியம் 2.10க்கு விளக்கு அணைந்திருக்கிறது. அதோடு முடிந்திருந்தால் மருத்துவர் சொன்னது சரி. ஆனால் 2.40க்கு மறுபடி எரிந்து அணைந்திருக்கிறது. பிறகு 3.15க்கு. பிறகு 4.05க்கு. அதற்கப்புறம் கதவைத் திறக்கும்வரை இருட்டு. காவலர் சுற்றி வந்தது மூன்றரைக்கு.

"காவலர் மேல தப்பில்லம்மா. திறந்து பார்க்க வேணாம்னு சொன்னதே நாங்கதான்." அதைச் சொல்லும்போது என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பையிலிருந்து தன் கைபேசியை எடுத்தார். எதையோ தேடி எடுத்து, திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று அவர் கணவரைக் கூப்பிட்ட நேரங்கள். 2.40. 3.15. 4.05.

வாத்தியாரின் மேசைமேல் இருந்த கைபேசி ஒவ்வொரு முறை அடித்தபோதும், கீழே கிடந்தவர் கையைத் தூக்கியிருக்கிறார்.

"காலைல சின்னச் சண்டை தம்பி. எடுக்கலன்னதும் வீம்பு பண்றார்னு நினைச்சேன்" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலரைக்கு இன்னொரு தடவை கூப்பிடலாம்னு ஃபோனைக் கையில எடுத்தேன். நான் ஏன் இறங்கிப் போகணும்னு வச்சுட்டேன்."