பரீத் பாய் கலைத்த படை

இறந்தவர்களை எழுப்பும் அதிகாரம் தாராவியில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. மேலப்பாளையத்து ஷேக் பரீத். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் அந்த அதிகாரம் செல்லும். அதுவும் பட்டறையின் மேல்தட்டில், விரித்த கோணியின்மேல் மட்டும். இது நடந்தது எண்பத்தாறில்.

அது ஓர் ஆட்டம். கப்பல் அதிகாரி ஒருவர் பையைத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் திரும்பவில்லை, அவருடைய கப்பலும் அதற்குப் பிறகு எந்தத் துறைமுகத்திலும் தட்டுப்படவில்லை. பைக்குள் ஓர் அட்டைப்பெட்டி, ஓர் இங்கிலீஷ் புத்தகம், நாலு முகம் முதல் இருபது முகம் வரை உள்ள பகடைகள். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கதை சொல்வார். நம் வேஷம் என்ன செய்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

கதை சொன்னவர் மாட்டுங்கா வெங்கடராமன், ஓர் ஆபீஸில் ஹெட் கிளார்க். செம்பூரில் லேத் வேலை பார்த்த ஞானசேகரன் கேடயம் ஏந்திய காவல்காரன். வானமாமலையாகிய நான் திருடன். பரீத் பாய் மந்திரவாதி.

மந்திரவாதிக்குப் புத்தகம் கொடுத்த வரம் ஒரே வரி: இறந்தவை எழுந்து அவன் ஏவலைச் செய்யும். எத்தனை, எத்தனை நாள், எப்படிப்பட்டவை, எழுந்தால் பேசுமா, ஒன்றும் போடவில்லை. எழுதியவன் அந்த இடத்தில் சாப்பிடப் போயிருப்பான்.

பரீத் பாய் அந்த வரிக்குள் குடும்பத்தோடு குடிபோய்விட்டார். எதிரி விழ விழ எழுப்பினார். இறந்தவை என்றுதானே இருக்கிறது, மனிதன் என்று இல்லையே என்று ஒரு நாள் மூன்று மூட்டைக் கருவாட்டை எழுப்பிக் கோட்டைமேல் ஏவினார். கோட்டைக்காரர்கள் நாற்றம் தாங்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வெங்கடராமன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அன்று பட்டறை வாசலில் பூனைகள் வந்து காத்திருந்தன. பத்தொன்பது. நானே எண்ணினேன்.

இதற்கு அணை கட்ட வேண்டும் என்று வெங்கடராமன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தார். செத்து இத்தனை நாளுக்குள் இருந்தால்தான் எழுப்பலாம் என்று ஒரு விதி. நாள் கணக்கைச் சுவரில் தொங்கிய காலண்டர்தான் சொல்லும். ஆட்டத்துக்கென்று தனிக் காலண்டர் கிடையாது. எத்தனை நாள் என்பதில்தான் இழுபறி. பதிமூன்றாம் நாளோடு உயிர் போய்விடும் என்றார் வெங்கடராமன். எங்கள் பக்கம் பதினாறு என்றேன் நான். சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை வைக்கும் வரைக்கும் இங்கேதான் சுற்றும் என்றான் ஞானசேகரன். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதாமல் ஒருவரும் போக முடியாது என்றார் பரீத் பாய். மூன்று ஞாயிறு இதிலேயே போயிற்று. பேனா வெங்கடராமனுடையது என்பதால் பதிமூன்று என்று எழுதப்பட்டது. அப்படியும் ஜூலைக்குள் பரீத் பாயின் படையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஜூலைக் கடைசியில் ஞானசேகரன் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். அடுத்த ஞாயிறு வெங்கடராமன் யாரையும் கேட்காமல், காவல்காரனும் அதே தேதியில் இறந்தான் என்று எழுதினார்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஞானசேகரனின் தம்பி இன்னாசிமுத்து பாண்டுப்பிலிருந்து வந்திருந்தான். அவன் மராட்டிப் பெண்ணைக் கட்டியதிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பியும் அவன் போகவில்லை. காமாலைதானே, வீட்டுக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். பூசை முடிந்து டீ கொடுத்தார்கள். டீ குடித்தால் எனக்கு வாய் நிற்காது. ஆட்டத்தைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டேன்.

அதற்கு இரண்டாம் நாள் ஞாயிறு. இன்னாசிமுத்து ஏணியேறி வந்து பரீத் பாயின் முன்னால் உட்கார்ந்தான்.

"எங்கண்ணன எழுப்புங்க பாய். நான் வரலன்னு எம்மேல கோவமாப் போனானான்னு கேக்கணும்."

இது ஆட்டம் என்று வெங்கடராமன் பொறுமையாக விளக்கினார். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

"வெளையாட்டுத்தான்னு தெரியும் சார். வேற எங்க போயிக் கேக்க?"

வெங்கடராமன் நோட்டைத் திறந்து விரலை வைத்தார். முப்பத்திரண்டு நாள் ஆகிவிட்டது. அவருடைய பதிமூன்றும் தாண்டியாயிற்று, என் பதினாறும் தாண்டியாயிற்று, ஞானசேகரனே சொன்ன முப்பதும் தாண்டியாயிற்று. மீதி இருந்தது பரீத் பாயின் நாற்பதுதான்.

"நாப்பது போடலாம் ஓய்," என்றார் வெங்கடராமன். "போட்டா அடுத்த வாரம் நீர் மசானத்தையே கிளப்பிண்டு வந்து நிப்பீர். அப்புறம் இது ஆட்டமா?"

பரீத் பாய் பீடியை அணைத்தார். "நாப்பது போடுங்க சாமி. அதுக்குப் பதிலா, ஒரு நேரத்துல ஒருத்தருதான். கையில இருக்கவன விட்டாத்தான் அடுத்தவன எழுப்பலாம். எழுதிக்கிடுங்க."

வெங்கடராமனின் பேனா அந்தரத்தில் நின்றது. ஒரு வருஷமாக அவர் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத விதி அது. அப்படியானால் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்ன ஆவார்கள் என்று கேட்டார்.

"அடக்கம் பண்ணிருவோம்," என்றார் பரீத் பாய்.

அன்று முழுக்க அதுதான் வேலை. சும்மா கோடு கிழித்துவிடலாம் என்று நான் சொன்னதற்குப் பரீத் பாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இறந்த சிப்பாய்கள் என்ன சாதி, என்ன மதம் என்று புத்தகத்தில் இல்லை. ஒற்றைப்படை விழுந்தால் புதைப்பது, இரட்டைப்படை விழுந்தால் எரிப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வொருவருக்கும் இன்னாசிமுத்துதான் பகடை போட்டான். நூற்றுப் பதினான்கு பேர் மண்ணுக்கு, தொண்ணூற்றெட்டுப் பேர் நெருப்புக்கு. கருவாடு பாக்கி. அதைக் கடலிலேயே விடச் சொன்னார் பரீத் பாய். ஐந்து மணி தாண்டிவிட்டது. பரீத் பாயின் கையில் ஒரு படையும் இல்லை.

அடுத்த ஞாயிறு முப்பத்தொன்பதாம் நாள். ஞானசேகரனின் வேஷத்தை எழுதி வைத்திருந்த தாளைக் கோணியின் நடுவே வைத்தார்கள். எழுப்பப் பத்துக்கு மேல் விழ வேண்டும். பரீத் பாய் இருபது முகப் பகடையை உருட்டினார். விழுந்தது மூன்று. வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பதினேழு என்றார். கண் நன்றாகத் தெரிந்த நாங்களும் பார்த்தோம். பதினேழேதான்.

"கேளு தம்பி," என்றார் பரீத் பாய்.

இன்னாசிமுத்து தாளைப் பார்த்தே கேட்டான். "கோவமாவா போன?"

ஏவியதைச் செய்யும் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. பரீத் பாய் என்ன சொல்லச் சொன்னாலும் அது சொல்லும். இல்லலே என்று ஒரு வார்த்தை போதும். ஞானசேகரனின் குரல் பரீத் பாய்க்கு அப்படியே வரும். எத்தனையோ தடவை பேசிக்காட்டி எங்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். விதியில் ஓட்டை கண்டால் விடாத மனிதர். நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் வெங்கடராமனிடம் திரும்பினார். "இன்னொண்ணும் எழுதுங்க சாமி. எழும்பினவன் பேசமாட்டான்."

"அது எதுக்கு ஓய்?"

"பேசினா அது எம்பேச்சுல்லா. அவன் பேச்சு ஆவாதே."

வெங்கடராமன் எழுதினார். எழுதி முடிக்கும் வரை பரீத் பாய் காத்திருந்துவிட்டு, தன் சொந்தக் குரலில் சொன்னார்.

"நான் ஆஸ்பத்திரில கூட இருந்தேன் தம்பி. மூணு தடவ கேட்டான், வந்துட்டானான்னு. கோவத்துல கேட்டானா, ஆசையில கேட்டானா, எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய்."

"மூணு தடவயா?"

"மூணு."

கீழே யாரோ பட்டறைக் கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். இன்னாசிமுத்து மூக்கை உறிஞ்சினான். அழவில்லை. மூன்று என்பதை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

ஆட்டம் நின்றுபோயிருந்தது. எழுப்பினால் ஏதாவது ஓர் ஏவல் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் முறை வராது என்று வெங்கடராமன் மெதுவாக நினைவூட்டினார். பரீத் பாய் தாளை இன்னாசிமுத்துவின் பக்கம் நகர்த்தினார். இந்த ஏவல் அவனுடையது.

அவன் தாளைக் கையால் நீவிவிட்டான்.

"உக்காரச் சொல்லுங்க," என்றான். "பதினெட்டு வருசம் மெஷின் முன்னாடி நின்னே வேல பாத்தவன்."

வெங்கடராமன் நோட்டில் எழுதினார்: காவல்காரன் உட்கார்ந்தான். பரீத் பாய் நகர்ந்து கோணியில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார். நானும் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.