கழுத்தைச் சுற்றிய வெள்ளைத் துணி

ஜீயபுரத்தைத் தாண்டி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற குதிரைப் பயிற்சிக் கூடத்தில் அன்று டிரெஸ்ஸாஜ் போட்டி. பங்குனி மாதம். மணி ஒன்பதுகூட ஆகவில்லை, மண்ணிலிருந்து அனல் கிளம்பிவிட்டது. லாயத்தை ஒட்டிய அறையில், கை அகலக் கண்ணாடி ஒன்றின் முன்னால் நின்று மைத்ரேயி ஸ்டாக் கட்டிக்கொண்டிருந்தாள்.

டிரெஸ்ஸாஜில் வேகத்துக்கு மதிப்பில்லை. குதிரை நடப்பதும் திரும்புவதும் நிற்பதும் எவ்வளவு இணக்கமாக இருக்கிறது என்பதற்குத்தான் மார்க். ஏறுகிறவருடைய உடைக்கும் கட்டுப்பாடு உண்டு. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் ஸ்டாக் என்கிற வெள்ளைத் துணி. அதைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தொண்டைக்கு நேரே முடிச்சுப் போட்டு, சின்ன ஊசியால் குத்தி நிறுத்த வேண்டும். உள்ளே செயின், கயிறு எதுவும் இருக்கக் கூடாது என்பது பயிற்சியாளர் அடைக்கலராஜின் சட்டம். ராணுவத்தில் குதிரைகளோடு காலம் கழித்தவர். விழும்போது எங்காவது மாட்டினால் கழுத்தை அறுத்துவிடும் என்பார். கல்யாணமான பெண்களும் தாலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

பக்கத்தில் நின்ற, கூடப் பயிற்சி எடுக்கும் பெலிண்டா தன் தாலிச் செயினைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மைத்ரேயிக்குக் கழற்ற ஒன்றுமில்லை. தீபாவளியிலிருந்தே இல்லை.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள்தான், பெங்களூரில் வேலை பார்க்கும் கணவன் ஜனார்தன் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். அங்கே அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிறாள். அம்மாவின் பிடிவாதத்துக்காகத் தலையை ஆட்டினானாம். சண்டை எதுவும் நடக்கவில்லை. அவன் பஸ் ஏறிப் போன பிறகு மைத்ரேயி தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கும் வேலை, உறையூரில் தனி ஃபிளாட். கல்லூரிக்குக் கழுத்தை மூடிய குர்த்தா போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு அம்மா அப்பாவைப் பார்க்கக் கிளம்பும்போது மட்டும் தாலியை எடுத்து மாட்டிக்கொள்வாள். "மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டால், "வேலை ஜாஸ்தி" என்பாள். தம்பி பிரஹலாதுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

வெறும் கழுத்தோடு யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கக்கூடிய இடம் இந்தக் குதிரை மைதானம் ஒன்றுதான்.

முடிச்சைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். வேப்பமரத்தடியில் குடையும் சாப்பாட்டுத் தூக்குமாக அப்பா சௌரிராஜன் நின்றுகொண்டிருந்தார்.

"என்னடா, அப்பா சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறாரேன்னு பாக்கறயா?" என்று சிரித்தார். "நீ குதிரைமேல உக்காந்து நான் பாத்ததே இல்லையே மைத்து. தத்தியோன்னம் கொண்டுவந்திருக்கேன். உங்கம்மா கொடுத்தனுப்பினா."

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. துணி இருந்தது. மூச்சு வந்தது.

"வெயில்ல எதுக்குப்பா பஸ்ஸேறி வந்தேள்?"

"ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேற என்ன வேலை? நீ போ, உன் காரியத்தைப் பாரு."

போட்டி தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. வெயில் கடுமையாக இருப்பதால் கோட்டும் ஸ்டாக்கும் இல்லாமலே ஏறலாம், மார்க் குறையாது என்றார்கள். மரத்தடியில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டைக் கழற்றினார்கள்.

"அப்பாடா!" என்று ஸ்டாக்கை உருவிய பெலிண்டா, "நீயும் கழட்டுடி" என்றாள்.

"இருக்கட்டும்."

"பைத்தியமா? தீயா கொளுத்துது."

அடைக்கலராஜும் வந்து சொல்லிப் பார்த்தார். "மேடம், கழட்டிடுங்க. உடம்புக்கு ஆகாது."

"பரவால்ல சார். பழக்கந்தான்."

சட்டையின் கழுத்து தாழ்வாக வெட்டியது. கோட்டையும் துணியையும் எடுத்துவிட்டால் காறை எலும்புவரை தெரியும். பத்தடி தூரத்தில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் ஏறிய தாரகை என்கிற பழுப்புக் குதிரை அன்று மிக நன்றாக ஒத்துழைத்தது. மைத்ரேயிக்குத்தான் பாதிக்கு மேல் எதுவும் நினைவில்லை. துணி நனைந்து தொண்டையை இறுக்கியது. வேலியின் வெள்ளைக் கம்பங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கடைசியாக நடுவில் நிறுத்தி, நடுவரைப் பார்த்துத் தலைவணங்கியது வரை அவளுக்குத் தெரியும். வாசலைத் தாண்டியதும் சேணத்திலிருந்து சரிந்தாள். அடைக்கலராஜ் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

கண் விழித்தபோது வேப்பமரத்தடியில் படுத்திருந்தாள். பெலிண்டா ஊசியைப் பிடுங்கி ஸ்டாக்கை அவிழ்த்து, கோட்டைத் திறந்து, கழுத்திலும் மார்பிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் அப்பா. அவர் முகத்தில் பயம் இருந்தது. பிறகு அவர் பார்வை கழுத்தில் நின்றது.

பெலிண்டா அதைக் கவனித்தாள். "இங்க ரூல் அங்கிள். யாரும் செயின் போடக் கூடாது. நானும் கழட்டித்தான் வச்சிருக்கேன்."

"ஓ, அப்படியா?" சௌரிராஜன் பெருமூச்சு விட்டார். "ஒரு நிமிஷம் எனக்கு உசிரே போயிடுத்து. சரிம்மா, எறங்கியாச்சே, எடுத்துப் போட்டுக்கோ. எங்க வச்சிருக்கே?"

"பையிலதான் இருக்கும், நான் எடுத்துட்டு வரேன்" என்று பெலிண்டா எழுந்தாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பையைத் தேடட்டும், காணோம் என்று பதறட்டும், இன்னொரு பொய் சொல்லிக்கொள்ளலாம். மைத்ரேயிக்கு அதற்கான தெம்பு இல்லை. "பையில இல்ல பெலிண்டா" என்றாள். பெலிண்டா இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஐஸ் கொண்டுவருவதாகச் சொல்லி நகர்ந்தாள்.

"உறையூர் பீரோல இருக்கு. நான் போட்டுக்கறதில்லப்பா. அவருக்கு வேற ஒருத்தி இருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே. தீபாவளிக்குச் சொன்னார்."

சௌரிராஜன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சம்பந்தியாத்துல?"

"அவாளுக்கு முதல்லேர்ந்தே தெரியும்."

மைத்ரேயி காத்திருந்தாள். ஆத்துக்கு வந்துடும்மா என்று சொல்வார், அல்லது அவனைத் திட்டுவார், அல்லது அழவாவது செய்வார். இத்தனை மாதமும் இந்த ஒரு நிமிஷத்தைத்தான் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். ஒத்திகையில் எல்லாம் அவர் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்.

சௌரிராஜன் திரும்பிப் பார்த்தார். பார்வையாளர் பந்தலில் இருந்தவர்கள் சிலர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணில் கிடந்த ஸ்டாக்கை எடுத்து உதறினார். குனிந்து, அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார்.

"அப்பா, மூச்சு முட்டறது."

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணா. அந்தப் பக்கம் உக்காந்திருக்கறது நம்ம வீதிக்காரா மாதிரி இருக்கு."

அவருக்கு அந்த முடிச்சுப் போடத் தெரியவில்லை. விரல்கள் தடுமாறின. சின்ன வயசில் பள்ளிக்கூட டை கட்டிவிட்ட அதே மென்மைதான். அவர் கோபமாக இறுக்கியிருந்தால் அவள் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

ஒலிபெருக்கியில் இரண்டாம் பரிசுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. பெலிண்டா போய் வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோவில் உறையூர் போனார்கள். சௌரிராஜன் கீழேயே நின்றுகொண்டார். மைத்ரேயி மேலே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, தாலியைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்ரீரங்கத்துக்குப் போகும் பாலம் வந்ததும் அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"வைகாசி வரைக்கும்மா. பொண்ணாத்துக்காரா ரொம்ப ஆசாரம். ஒரு வார்த்தை காதுல விழுந்தா கல்யாணத்தை நிறுத்திடுவா."

"அப்புறம்?"

அவர் வெளியே பார்த்தார். காவிரியில் மணல்தான் இருந்தது. ஓரமாக ஒரு கோடு தண்ணீர்.

"அந்தக் குதிரையும் இனிமே வேண்டாம். நாலு பேர் கூடற எடத்துல கழட்டச் சொல்றா. வேண்டாம்மா."

"சரிப்பா" என்றாள். அதைச் சொல்ல ஒரு சிரமமும் இருக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டில் அம்மா செண்பகவல்லி வாசலுக்கே வந்துவிட்டாள். "மூஞ்சியெல்லாம் ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"வெயில்தான்" என்றார் சௌரிராஜன், செருப்பைக் கழற்றியபடி. "மாப்பிள்ளைகூட வரதா இருந்தாராம். கடைசி நேரத்துல லீவு கிடைக்கலயாம். போன்ல ரொம்ப வருத்தப்பட்டார்."

அவரை யாரும் அதைச் சொல்லச் சொல்லவில்லை. முப்பது வருஷ வாத்தியார் வேலையில் பொய் சொன்ன பையன்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர். மைத்ரேயி இத்தனை மாதமும் நாக்கு உலர்ந்து தட்டுத்தடுமாறிச் சொன்னதை அவர் ஒரே மூச்சில், பேரழகாகச் சொல்லி முடித்துவிட்டார். இனி அவள் எதையும் சொல்ல வேண்டாம். சொல்லவும் முடியாது.

"பாவம், அவருக்கும் எத்தனை வேலை" என்றாள் அம்மா. இலை போட்டு, சாத்துமது சாதத்தில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள். "சாப்பிடுடி. இளைச்சுட்டே."

எதிர் இலையில் அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மைத்ரேயி சாதத்தைப் பிசைந்துகொண்டேயிருந்தாள். அது கூழாகிப் போன பிறகும் பிசைந்துகொண்டிருந்தாள்.