அக்ரிப்பினாவின் மணப்பெண் பாட்டு

அறுபத்தெட்டு வயதில் செத்துப்போன அக்ரிப்பினாவின் துணிமணிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே வெள்ளை உடுப்பு, மெழுகுப்பூ மகுடம், ஊர்ப் பித்தளை வாத்தியக் கோஷ்டி ஆறு பேருக்கும் வாசிப்புக் கூலியாகப் பூவேலை செய்த ஆறு துண்டுகள். மேலே ஒரு சீட்டு: ‘குழியருகே எனக்கு மணப்பெண் பாட்டு வாசிக்க வேண்டும்.’

ரெவுத் ஆற்றங்கரை ஊர்களில் கல்யாணமாகாமல் செத்தால் சவ ஊர்வலமே கல்யாணம்தான். ஆனால் அந்த மரியாதை கன்னிகளுக்கு மட்டும். கன்னியை அங்கே ‘பெரிய பெண்’ என்பார்கள். அக்ரிப்பினா பெரிய பெண்தானா என்பதில் ஊருக்கு நாற்பது வருடச் சந்தேகம். சந்தேகத்தின் பெயர் ஹரலம்பி.

கோஷ்டியின் முதல் ட்ரம்பெட் ஹரலம்பிதான். வாலிபத்தில் ஒரு கோடை முழுக்க அக்ரிப்பினாவின் வால்நட் மரத்தடியில் சாதகம் செய்தவர். ரெவுத் ஆற்றங்கரையில் வேறு மரமே இல்லை பாருங்கள். இலையுதிர்காலத்தில் வர்வாராவைக் கட்டிக்கொண்டார். ஏன் என்பதற்கு ஊர் ஏழெட்டுக் காரணங்கள் வைத்திருக்கிறது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

கன்னியல்லாதவளுக்கு அந்தப் பாட்டை வாசித்தால் உதடு ஏமாற்றிவிடும் என்று அந்தக் கோஷ்டியில் ஒரு பயம் உண்டு. ஆகவே இன்று ஹரலம்பியின் உதடுதான் சாட்சி.

சாவு வீட்டில் வர்வாரா முட்டைக்கோஸ் இலையில் அரிசி சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரரு வாசிப்பாராமா?”

“அவரு வாய்க்குள்ள நானா ஊதுறேன்? அவரையே கேளு.”

“உங்களுக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கும்ல...”

“எனக்குத் தெரிய வேண்டியது, இந்த அரிசில உப்புப் போட்டியா இல்லையாங்கறதுதான்.”

பொய். நாற்பது வருடமாக அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டாள். ஹரலம்பி வாசற்படியில் நின்றார்.

“என்ன பண்ணட்டும், வர்வாரா?”

“துண்டை வாங்கிட்டீங்கல்ல?”

“வாங்கிட்டேன்.”

“அப்புறம் என்னை ஏன் கேக்குறீங்க?”

வழிநெடுக ஒவ்வொரு முக்கிலும் சவப்பெட்டியை இறக்கி வைக்க, கோஷ்டி வாசித்தது. குழியருகே வந்ததும் நிறுத்தியது. வெள்ளை உடுப்பில் கிடந்தவளை யாரும் பார்க்கவில்லை. பாதிரியார் உட்பட எல்லார் கண்ணும் ஹரலம்பியின் வாயில். ட்ரம்பெட்டில் கட்டிய துண்டு காற்றில் ஆடியது.

முதல் அடி சுத்தமாக வந்தது. வர்வாராவின் மூச்சும் வந்தது. இரண்டாம் அடியின் உச்சியில் சுரம் பிளந்து, வெறும் காற்று வந்தது. பெண்களின் முழங்கைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. டிரம்காரன் நிக்கனோர் கோலைத் தாழ்த்தி, “நான் அப்பவே சொன்னேன்” என்றான், அவனைப் பொறுத்தவரை மெதுவான குரலில். கல்லறைத் தோட்டத்துக்கே கேட்டது.

சுரம் குற்றத்தில் பிளந்ததா, அழுகையில் பிளந்ததா? நாற்பது வருடம் கூட இருந்தவள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவாள். திரும்பினால் போதும்.

வர்வாரா திரும்பவில்லை. ட்ரம்பெட் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தாள். மணப்பெண் தாயிடம் விடைபெறும் இடம் அது. கோயில் பாட்டுக்குழுவில் கடைசி வரிசையில் நிறுத்தப்படும் குரல், அன்றைக்கும் இனிக்கவில்லை. ஆனால் கல்யாணமான ஒருத்தி அந்தப் பாட்டை எடுத்தால் மற்றவர்கள் கூடப் பாடியே ஆகவேண்டும். முழங்கையால் இடித்தவர்களும் பாடினார்கள். நிக்கனோர் கோலை எடுத்தான். கடைசி அடியில் ட்ரம்பெட்டும் வந்து சேர்ந்துகொண்டது.

சாவுச் சாப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை. “அப்ப அவ பெரிய பொண்ணுதானாக்கா?”

“பாடினியா இல்லையா?”

“பாடினேன்.”

“அப்புறம் என்ன? சாப்பிடு.”

சாயங்காலம் ஹரலம்பி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “வர்வாரா, அந்தக் கோடைல...”

“அந்தத் துண்டை இங்க குடுங்க,” என்றாள் அவள். “மெழுகு ஒட்டியிருக்கு. துவைக்கணும்.”