கேட்டு வாங்கிய பிணம்

ஓரியாவுக்கும் கெலானுக்கும் நடுவே ஒரே மலை. இந்தப் பக்கப் பள்ளம் ஓரியா, அந்தப் பக்கப் பள்ளம் கெலான். இரண்டிலும் கல்லும் கொஞ்சம் பார்லியும்தான் விளையும். கோடையில் ஆட்டுக்குப் புல் மலை உச்சியில் மட்டுமே. அதற்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு சாகிறோம். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இரண்டும் தனி நாடுகளாம். தனிச் சட்டம், தனிப் படை, தனித் திமிர்.

சண்டை முடிந்ததும் தன் பிணங்களைக் கொடு என்று கேட்பவன் தோற்றவன். கிரேக்கத்தில் எல்லா ஊருக்கும் இதுதான் முறை. இந்தத் தடவை கெலான்காரர்கள் உச்சியில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அங்கேயே கிடந்தார்கள். கேட்டால் புல் போச்சு.

சபையில், பிணம் கேட்டுத் தூதனுப்பக் கை தூக்கியவன் தெரிப்பிடாஸ் ஒருவன்தான். அவன் மகன் நிக்கோனும் அங்கே கிடந்தான். மகனைப் பறிகொடுத்த மற்ற அப்பன்மார் தரையைப் பார்த்தார்கள்.

வீட்டில் அவன் மனைவி மிரினே அடுப்பே மூட்டவில்லை. "புல்லு வேணும்னா நீங்களே தின்னுங்க. எனக்கு எம்புள்ளய மண்ணுல வைக்கணும்," என்றாள். மண் போடாத பிள்ளை செத்தவர் உலகத்து ஆற்றைத் தாண்ட முடியாமல் அங்கேயே அலைவான். அது தெரிப்பிடாஸுக்கும் தெரியும். கழுதையை ஓட்டிக்கொண்டு மலை ஏறினான்.

உச்சியில் காவலிருந்த கெலான்காரன் சுனையடியில் பார்த்துப் பழகியவன்தான். "பெரியவரே, சும்மா தூக்கிட்டுப் போக விடமாட்டோம். எங்க தலைவர் காதுல விழுற மாதிரி 'கொடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

தெரிப்பிடாஸ் சொன்னான். கெலான்காரர்கள் ஈட்டிகளைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. மகனின் வீங்கிப்போன முகத்தைத் துணியால் மூடிக் கழுதைமேல் ஏற்றினான்.

அந்தக் கூச்சல் அவனுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. ஊர் வாசற்கதவு சாத்தியிருந்தது. சாத்தியவர்கள் அதே அப்பன்மார்.

"உள்ள விட்டா ஊரே கேட்ட மாதிரி ஆயிடும், அண்ணே. கொண்டுபோய் எடுத்த எடத்துலயே போட்டுட்டு வாங்க."

"டேய், இவன் இந்த ஊருக்காகத்தானடா செத்தான்!"

"எங்க பசங்க மட்டும் என்ன, கல்யாண விருந்துக்கா போனாங்க?"

கதவுக்குப் பின்னால் மிரினே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "முகத்த மட்டும் காட்டச் சொல்லுங்கய்யா!" ஒருவனும் தாழை எடுக்கவில்லை. பாவிகள் என்று திட்டலாம்தான். கதவைப் பிடித்துக்கொண்டு அவர்களும் அழுதார்கள்.

தெரிப்பிடாஸ் கழுதையைத் திருப்பி மறுபடி மலை ஏறினான்.

"நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றான் காவல்காரனிடம். "புள்ளய இங்கயே விட்டுடுறேன்."

"சொன்னது சொன்னதுதான், பெரியவரே. வெற்றித் தூண் நட்டாச்சு, கெடா வெட்டியாச்சு."

"அப்ப இங்கயே ஒரு குழி தோண்டிக்கிறேன்."

காவல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இது இப்ப எங்க மண்ணு. ஓரியாக்காரன இதுல பொதைக்க விடமாட்டாங்க. ஊருக்குக் கொண்டு போங்க."

தெரிப்பிடாஸ் பாதி மலை இறங்கி, இரண்டு ஊருக்கும் சேராத வளைவில் நின்றான். மகனை இறக்கி, இரண்டு கைகளாலும் தரையைக் கிளறினான். நகம்தான் பெயர்ந்தது. அங்கே மண்ணே இல்லை, வெறும் பாறை.