மிராசுதார் அழுத படம்

பூந்தமல்லிச் சந்தைத் திடலில் நிஜாமுதீன் போட்ட கொட்டகையில் அந்த ஏசுநாதர் படம் நான்கு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாளும் ஊரே அழுதது. அது இழவு வீட்டில் பங்காளிகள் ஊருக்காக அழுகிற அழுகை இல்லை, நெஞ்சிலிருந்து வந்த அழுகை. இத்தனைக்கும் அது வாய் பேசாத படம். சீமையில் யாரோ எடுத்தது. முதல் நாள், சவுக்கால் அடிக்கிற சிப்பாயின் மேல் ஒருவன் செருப்பைக் கழற்றி வீசினான். இரண்டாம் நாள் கைத்தடியே பறந்து போய்த் திரையைக் கிழித்தது. மூன்றாம் நாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி மயக்கம் போட்டு விழுந்தாள். நெற்றி நிறைய விபூதி பூசியவர்களும் தொப்பி வைத்தவர்களும் ஜெபமாலைக்காரர்களும் ஒரே தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். ஆணி அடிக்கிற கட்டம் வந்தால் நிஜாமுதீனே வெளியில் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். நம் ஜனங்களிடம் இவ்வளவு இரக்கம் இத்தனை நாளாக எங்கே கிடந்ததோ தெரியவில்லை.

ஐந்தாம் நாள் பொழுது சாய்கிற வேளையில் பருத்திப்பட்டிலிருந்து எல்லம்மா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். அவள் வந்தது படம் பார்க்க இல்லை.

அவள் புருஷன் வேம்புலி மிராசுதார் ஜம்புலிங்கத்தின் பண்ணையாள். ஏரி மதகுக்கு அவனைக் காவல் போட்டிருந்தார்கள். முந்தாநாள் இராத்திரி அவன் கண்ணயர்ந்த நேரத்தில் யாரோ மதகைத் திறந்துவிட்டார்கள். விடிந்ததும் மிராசுதார் அவனைப் புளியமரத்தில் கட்டிவைத்து, ஆளை ஏவாமல் தன் கையாலேயே அடித்தார். பதினேழு அடி வரைக்கும் எல்லம்மா எண்ணினாள். அதற்கு மேல் எண்ண அவளால் முடியவில்லை.

அன்றிலிருந்து வேம்புலி குப்புறத்தான் கிடக்கிறான். இன்று காலையிலிருந்து சிறுநீர் ரத்தமாகப் போகிறது. கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, “உள்ளே எங்கியோ உடைஞ்சிருக்கு. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாப் பொழைப்பான். இன்னைக்கே போவணும். நாளைக்குன்னா நான் சொல்றதுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் ஏழு வண்டி இருந்தது. எல்லம்மா ஏழு வாசலிலும் போய் நின்றாள். எல்லாரும் நல்லவர்கள்தான், ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. “எஜமான் ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே பூட்டறேன்” என்றார்கள். கட்டிலோடு தூக்கிப் போக நாலு ஆள் கேட்டாள். அதற்கும் எஜமான் வார்த்தைதான் வேண்டியிருந்தது. எஜமான் வீட்டுக்கு ஓடினாள். எஜமான் படம் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போய்விட்டார். நாத்தனாரைப் புருஷன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நாலு மைலும் வந்துவிட்டாள்.

கொட்டகை வாசலில் நிஜாமுதீன் அவளைப் பார்த்தார். தலை கலைந்து, மூச்சு வாங்கி, கண் சொருகி நின்றாள்.

“பாய், உள்ள எங்க எஜமான் கீறாரு. ஒரு வார்த்தை கேக்கணும்.”

“படம் ஓடிக்கினு கீதேம்மா. நடுவுல நின்னு பேச முடியாது. பொம்பளைங்க பக்கம் போய் உக்காரு. ரீல் மாத்தறப்போ வெளக்கு போடுவாங்க, அப்போ கேளு” என்று சீட்டு இல்லாமலே உள்ளே விட்டார்.

பெண்கள் பக்கத்தில் திரைக்குக் கிட்டே, தட்டிக்கு ஓரமாக எல்லம்மா குந்தினாள். எதிரே வெள்ளைத் துணியில் ஒரு மனுஷனைத் தூணில் கட்டிவைத்திருந்தார்கள். முதுகு வெறும் முதுகு. இரண்டு பேர் மாறி மாறி அடித்தார்கள்.

திரைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, தகரக் குழாயை வாயில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தான் கங்காதரன். படத்துக்கு வாய் அவன்தான். ஒவ்வொரு அடி விழும்போதும் பக்கத்திலிருந்த டின்னில் தோல்வாரால் ஓங்கி அடிப்பான். “பாருங்கள் மகா ஜனங்களே! குற்றம் ஒன்றும் செய்யாத இந்தப் பாவப்பட்ட மனிதனை! கேட்பதற்கு ஒரு நாதி உண்டா? இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்களே, ஒருவனாவது வாய் திறந்தானா?” என்று குழாயில் கதறினான். டின் அதிர்ந்தபோதெல்லாம் எல்லம்மாவின் உடம்பு தூக்கிப்போட்டது. பக்கத்தில் இருந்த ஒரு பருத்த அம்மாள் அவள் தோளில் சாய்ந்து, “ஐயோ, பெத்தவ பார்த்தா எப்பிடித் தாங்குவா” என்று விம்மினாள். ஆண்கள் பக்கமிருந்து, “டேய், உடுடா அவுர!” என்று ஒருவன் எழுந்து கத்தினான்.

எல்லம்மா திரையைப் பார்க்க முடியாமல் பின்னால் திரும்பினாள். நாற்காலி வரிசையில் மிராசுதார் ஜம்புலிங்கம் உட்கார்ந்திருந்தார். திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

அவளுக்கு முதலில் நம்ப முடியவில்லை. நன்றாக உற்றுப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் தாரையாக நீர். அங்கவஸ்திரத்தால் துடைக்கிறார், மறுபடியும் வழிகிறது. வாய் கோணி, தோள் குலுங்கி, சின்னப் பிள்ளை மாதிரி அழுகிறார். எல்லம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. சீமையில் எந்தக் காலத்திலோ அடிபட்டவருக்கே இப்படி அழுகிறவர், தன் வாசலிலேயே வளர்ந்தவனுக்கு வண்டி இல்லை என்றா சொல்லப்போகிறார்? சாமியே இவரை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்து மனசை இளக்கி வைத்திருக்கிறது என்று நினைத்தாள்.

ரீல் ஓடி முடிந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளை எரியவிட்டார்கள். ஜனங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். முறுக்குத் தட்டு உள்ளே வந்தது.

எல்லம்மா நேரே மிராசுதாரிடம் போயிருக்கலாம். போகவில்லை. அவள் ஊர்க் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பெரிய இடத்தில் முறையிட வேண்டுமென்றால் கூத்தை நடத்திச் சொல்கிற கட்டியக்காரன் கையில் எதையாவது வைத்துச் சொன்னால் போதும். அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கூடியிருக்கிற சபைக்கு முன்னால் அதைக் கூவுவான். அப்புறம் அது ஒருத்தி முறையீடு இல்லை, சபை முறையீடு. போன வருஷம் தீமிதிக் கூத்தில் ஊரைவிட்டுத் தள்ளிவைத்த ஒருவனுக்காக அப்படித்தான் கேட்டார்கள். “கேளுங்கடா, பதில் சொல்லுங்கடா” என்று சபையே எழுந்து நின்றது. பெரிய மனுஷர்கள் தலையாட்டாமல் தப்ப முடியவில்லை. தனியாகக் கேட்டால் ‘நாளைக்கு வா’ என்பார்கள். சபையில் கேட்டால் நாளைக்கு என்று சொல்ல முடியாது. இங்கேயோ சபை கூடியிருக்கிறது. அதுவும் அழுதுகொண்டிருக்கிற சபை.

அவள் மூக்குத்தியைக் கழற்றிக் கங்காதரனின் மேசையில் வைத்தாள்.

“ஐயா, என் பேரு எல்லம்மா. பருத்திப்பட்டு. என் ஊட்டுக்காரர நேத்து மரத்துல கட்டி அடிச்சிட்டாங்க. ரத்தமா போவுது. எங்க எஜமான் ஜம்புலிங்கம் அய்யா அதோ கீறாரு. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி உடச் சொல்லணும். சபைல நீ கேளு.”

கங்காதரன் சோடா குடித்துக்கொண்டிருந்தான். மூக்குத்தியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். ஐந்து நாளாகப் பொய்க் குரலில் அழுது அழுது அவனுக்குத் தொண்டை புண்ணாகியிருந்தது. மூக்குத்தியை எடுத்து அவள் கையிலேயே திருப்பித் திணித்தான். குழாயை வாயில் வைத்தான்.

“மகா ஜனங்களே! கொஞ்சம் கேளுங்கள். இது கதை இல்லை. இந்த அம்மாவைப் பாருங்கள். இப்போது பார்த்தோமே, அதே மாதிரி நேற்றுப் பருத்திப்பட்டில் இவள் புருஷனைக் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். சாகக் கிடக்கிறான். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். மிராசுதார் ஜம்புலிங்கம் அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். மனசு வைத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சபையோர் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.”

எல்லம்மா கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றாள். இப்போது எழுந்திருப்பார்கள், இப்போது யாராவது ‘பதில் சொல்லுங்க’ என்று கூவுவார்கள் என்று காத்திருந்தாள். சற்றுமுன் ‘உடுடா அவுர’ என்று கத்தினானே, அவனைத் தேடினாள். அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

“யாரும்மா அது?” என்றது ஒரு குரல்.

“பண்ணையாளாம். மதகைத் தொறந்து உட்டவனாம்” என்றான் அந்தச் சேதி கேள்விப்பட்ட ஒருவன்.

“அதுக்கு இங்க இன்னாத்துக்கு வந்தா?”

மிராசுதார் கண்ணைத் துடைத்து முடித்தார். அவர் கோபப்படவில்லை. இன்னும் தழுதழுத்த குரலில்தான், அவளைப் பார்க்காமல் கங்காதரனிடம் பேசினார். “நல்லாத்தான் சொல்லிக்கினு வந்தீரு. நெஞ்சு உருகிப்போச்சு. நடுவுல எங்க ஊரு வம்பை ஏன்யா இழுத்து வுட்றீரு? எவ்ளோ பெரிய கதை! மேலே சொல்லும்.”

“படத்தைப் போடுய்யா!” என்று யாரோ விசில் அடித்தார்கள். உடனே நாலா பக்கமும் அதுவே கிளம்பியது. படத்தைப் போடு, படத்தைப் போடு. எல்லம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகத்திலும் கண்ணீர் காயாமல் இருந்தது. விளக்கை அணைத்தார்கள். மறுபடியும் மிஷின் கடகடத்தது. திரையில் அந்த மனுஷன் மரத்தைச் சுமந்துகொண்டு தடுமாறி வந்தான்.

அவள் கூப்பிய கையோடு அப்படியே நின்றாள். பின்னாலிருந்து அந்தப் பருத்த அம்மாள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். விம்மலுக்கு நடுவில்தான் சொன்னாள்.

“உக்காரும்மா. மறைக்குது.”

எல்லம்மா உட்காரவில்லை. வெளியே வந்துவிட்டாள். அழுகை வரவில்லை. வாசலில் நிஜாமுதீன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவரிடமும் வண்டி இல்லை.

திடலோரத்து வேலமரங்களுக்கு அடியில் படம் பார்க்க வந்தவர்களின் வண்டிகள் நின்றன. அவிழ்த்துவிட்ட மாடுகள் வைக்கோல் மென்றன. ஒரு வண்டியிலும் ஆள் இல்லை. வண்டிக்காரர்கள் எல்லாரும் உள்ளே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவற்றில் மிராசுதாரின் வில்வண்டியும் நின்றது. அந்த மயிலைக் காளைகள் இரண்டையும் கன்றிலிருந்து குளிப்பாட்டித் தவிடு வைத்து வளர்த்தவன் வேம்புலி. அவளைக் கண்டதும் ஒன்று கழுத்தை நீட்டியது.

எல்லம்மா யோசிக்கவே இல்லை. பிடித்துப் பூட்டினாள். பூட்டாங்கயிறு இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் மாட்டிக்கொண்டது. ஏறி உட்கார்ந்து மாடுகளை முடுக்கியபோது கொட்டகைக்குள் ‘ஐயோ’ என்று மொத்த ஜனமும் ஓலமிட்டது. ஆணி அடிக்கிறார்கள் போலிருக்கிறது. நிஜாமுதீன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியில் நின்றிருந்தார். வண்டி போவதைப் பார்த்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் நாத்தனார் வில்வண்டியையும் எல்லம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “கேக்காதே, காலைப் புடி” என்றாள் எல்லம்மா. இரண்டு பேருமாகப் பாயோடு தூக்கினார்கள். வேம்புலியின் உடம்பு அனலாகக் கொதித்தது. வண்டிக்குள் மெத்தை போட்டிருந்தது. அவன் அதில் முகம் பட்டதும் கண்ணைத் திறந்தான். மாடுகளின் மணிச் சத்தம் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“எஜமான் வண்டியா?”

“ஆமாய்யா. பேசாதே.”

வண்டி மறுபடியும் சாலையில் ஏறியது. படம் முடிந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியாது. முடிந்திருந்தால் என்ன ஆகும் என்று தெரியும். பூந்தமல்லியைச் சுற்றிக்கொண்டு போகும் தடத்தில் மாட்டைத் திருப்பினாள்.

“குடுத்தாரா?” உள்ளிருந்து அவன் குரல் தீனமாகக் கேட்டது.

“குடுத்தாரு.”

“இன்னா சொன்னாரு?”

எல்லம்மா மாட்டைத் தட்டி ஓட்டினாள். பிறகு சொன்னாள். “ஒண்ணும் சொல்லல. அழுதாரு.”

“எஜமானா?”

“ஆமா. ரெண்டு கண்ணுலயும் தண்ணி. தொடைச்சுத் தொடைச்சு மாளல. என் கண்ணால பாத்தேன்.”

வேம்புலி வெகுநேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அவன் அழுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. வலியால் இல்லை. இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

“எனக்காவா அழுதாரு… நாந்தான் எல்லம்மா பாவி. காவல் காக்கறவன் தூங்கலாமா? அவுரு மனச நோவடிச்சிட்டேன். பொழைச்சு வந்தா மொதல் வேலையா அவுரு கால்ல உழணும்.”

“உழலாம்யா” என்றாள் எல்லம்மா. “நீ பொழைச்சு வா.”